ஃபெப்ரீஷியஸ் ஐயரின் மேசை எத்தனை தடவை இடம் மாறியது?

போன மாசம் நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்ன சபையில் புதுசா பொறுப்பேற்ற இளம் போதகர். வாடகை வீடு, ரெண்டு ரூம், ரெண்டு குழந்தைங்க. வாசலுக்கு நாலு தெரு தள்ளி கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க வரிசை கட்டி நிற்கும். “ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு உட்கார்ந்து படிக்க வீட்டுக்குள்ள ஒரு இடம் வேணும். எப்படி அமைக்கலாம்? இதுக்கு ஏதாவது வரலாறு இருக்கா?” என்று கேட்டிருந்தார்.

மேசை எங்க போடணும், லைட் எந்தப் பக்கம் இருந்து வரணும், கதவைச் சாத்தணுமா, இதுக்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கு. அதை அங்கேயே பார்த்துக்கலாம். ஆனா வரலாறு இருக்கான்னு கேட்டாரே, அது என்னைப் பிடிச்சுக்கிட்டது. ஏன்னா, ஒரு போதகரோட வீட்டுப் படிப்பறை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சோதித்துப் பார்த்த மாதிரி ஒரு கதை நம்ம வட சென்னையில் ஆரம்பித்து, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தாண்டி பழவேற்காடு வரைக்கும் போகுது. அந்தக் கதையின் நாயகர் பெயர் உங்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கும். புரசைவாக்கத்தில் ஃபெப்ரீஷியஸ் ஸ்கூல் இருக்கில்லையா, அந்த ஃபெப்ரீஷியஸ்.

யோஹான் பிலிப் ஃபெப்ரீஷியஸ் 1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், பிறகு ஹாலே நகரத்தில் இறையியல். இந்தச் சட்டப் படிப்பை ஞாபகத்தில் வச்சுக்குங்க, பின்னாடி அது கொஞ்சம் வலிக்கும். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். 1742 கடைசியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அன்றைக்கு அது மதராஸ். கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்த பிளாக் டவுனில் ஒரு மிஷன் வீடு இருந்தது. இன்றைக்கு ஹைகோர்ட் வளாகம் இருக்கிற பகுதிதான் அந்தப் பழைய பிளாக் டவுன். இப்ப நாம ஜார்ஜ் டவுன் என்று சொல்வது அதற்கும் வடக்கே பிறகு வளர்ந்த ஊர்.

அந்த வீட்டில் அவருக்கு முன்னால் இருந்தவர் பெஞ்சமின் ஷுல்ட்சே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதியில் விட்டுப்போன பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர் அவர்தான். முடித்தார், ஆனால் தமிழ் சரியாக வரவில்லை. தமிழ் காதுக்கு அது முரடாக இருந்தது. ஷுல்ட்சே 1743-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார். ஃபெப்ரீஷியஸின் மேசை மேல் மிச்சமானது அந்த மொழிபெயர்ப்பு. திருத்தலாம் என்று உட்கார்ந்தவர், திருத்தித் தீராது என்று புரிந்ததும் மூல மொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் வைத்துக்கொண்டு புதிதாகவே செய்யத் தொடங்கினார். அந்த வேலை அவர் ஆயுள் முழுக்க ஓடியது. கல்யாணம் பண்ணிக்கவில்லை.

அந்தக் காலத்து போதகரின் படிப்பறை என்றால் நமக்கு என்ன படம் வருது? தோல் அட்டை போட்ட புத்தகங்கள், மெழுகுவர்த்தி, தனியாக ஒரு மனுஷன். ஐரோப்பாவில் அப்படித்தான் இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் நார்த்தாம்ப்டன் ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற போதகர் இருந்தார். ஒரு நாளில் 13 மணி நேரம் படிப்பறையிலேயே இருப்பார் என்று சொல்வார்கள். வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வழக்கம் அவருக்குக் குறைவு, வேணும்னா ஜனங்க வந்து பார்க்கட்டும் என்கிற ஆள். 1750-ல் அவருடைய சபையே ஓட்டுப் போட்டு அவரை அனுப்பிவிட்டது. திருவிருந்தில் யார் பங்கெடுக்கலாம் என்ற சண்டைதான் முக்கியக் காரணம். ஆனாலும் அந்த 13 மணி நேரமும் அவருக்கு உதவி செய்திருக்காது என்றுதான் எனக்குத் தோணுது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பறை வேறு மாதிரி பிறந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்குத் தமிழில் ஒரு எழுத்து கூடத் தெரியாது. அவரும் கூட வந்த ப்ளூச்சாவும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் பேசி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். யோசிச்சுப் பாருங்க, சத்தம் தொந்தரவு என்று நாம காதுல ஹெட்ஃபோன் மாட்டுறோம், இவர்கள் சத்தத்தைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள்.

சீகன்பால்கு தன் அன்றாட நேரத்தைப் பற்றி எழுதி அனுப்பிய குறிப்புகள் இருக்கின்றன. காலை நேரத்தின் பெரும்பகுதி தமிழ் நூல்கள் வாசிப்பதற்கு. பக்கத்தில் வயதான ஒரு புலவர், எழுத ஒரு ஆள். சாயங்காலம் கண் களைத்துப் போனதும் யாராவது ஒருவர் ஓலையைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். 1708-க்குள் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே போட்டார். தமிழ் இலக்கிய வரலாற்றில் அது இன்றைக்கும் முக்கியமான ஆவணம். ஆட்களை உள்ளூருக்குள் அனுப்பி, படித்த பிராமணர்கள் இறந்த பின் அவர்கள் மனைவிமாரிடம் இருந்து ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதில் கொஞ்சம் சங்கடமும் இருக்கு. ஒரு வீட்டின் நூலகம் கலைந்துதான் இன்னொரு வீட்டின் நூலகம் உண்டாச்சு.

ஃபெப்ரீஷியஸ் வந்து சேர்ந்தது இந்த மரபுக்குள்தான். அறை என்றால் மேசையும் வேணும், தமிழ் காது உள்ள மனுஷரும் வேணும். முன்ஷி, உபதேசியார், எழுத்தர் இல்லாமல் ஒரு வசனமும் முடியாது. இவர்களில் பெரும்பாலோரின் பெயர் புத்தகங்களின் முகப்பில் இல்லை. முகப்பில் ஐயர்களின் பெயர் மட்டும்தான்.

இப்போ 1746-க்கு வருவோம். ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்தது. அதன் வால் இங்கே வந்து அடித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் லா போர்டனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மதராஸ் முன்னால் வந்து நின்று குண்டு போட்டன. கோட்டை சில நாட்களில் சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பிளாக் டவுனின் பெரும்பகுதியைத் தரைமட்டம் ஆக்கினார்கள். கோட்டையைச் சுற்றி வெட்டவெளி இருந்தால்தான் எதிரி வருவது தெரியும், பீரங்கி வேலை செய்யும், அதுதான் கணக்கு. மிஷன் வீடும் அந்த இடிப்பில் போனது. நாலு வருஷம் உட்கார்ந்து பழகிய மேசை இருந்த அறை, ஒரு ராணுவப் பொறியாளரின் வரைபடத்தில் காலி இடமாக மாறியது.

ஃபெப்ரீஷியஸ் கிளம்பிப் போனது வடக்கே, பழவேற்காட்டுக்கு.

பழவேற்காடு போயிருக்கீங்களா? பொன்னேரி வழியா பஸ் போகும். வார இறுதியில் ஏரியும் படகும் பார்க்க நிறைய பேர் போறாங்க. எழுத்துச் செதுக்கிய பெரிய கற்களோடு ஒரு டச்சுக் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கு, கண்டிப்பா பாருங்க. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே அதுதான். ஃபெப்ரீஷியஸ் போனபோது அந்தப் பெருமை நாகப்பட்டினத்துக்கு மாறிவிட்டது, ஆனால் டச்சுக் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கொடி பறந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் கை வைக்கவில்லை. இரவல் ஊர், இரவல் கூரை. வீடு அவருடையது இல்லை, ஊர் அவருடையது இல்லை, ஆட்சி செய்கிறவர்கள் பேசும் மொழியும் வேறு. அங்கேயும் அவரது ஊழியமும் மொழிபெயர்ப்பும் நிற்கவில்லை.

1749-ல் ஒப்பந்தப்படி மதராஸ் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் உதவினார்கள் என்று சந்தேகப்பட்ட ஆங்கிலேயக் கம்பெனி, வேப்பேரியில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கோயிலைப் பிடுங்கி ஃபெப்ரீஷியஸ் இருந்த மிஷனுக்குக் கொடுத்தது. அந்தக் கோயிலைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய மர்மலாங் பாலம், பரங்கிமலைப் படிகள் எல்லாம் அவர் உபயம்தான். ஊருக்கு இவ்வளவு செய்த மனுஷர் வழிபட்ட இடத்தை அரசியல் சந்தேகத்தில் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். ஃபெப்ரீஷியஸின் ரெண்டாவது படிப்பறை இப்படித்தான் கிடைத்தது. அதை நான் கொண்டாட்டமாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது புனித மத்தியாஸ் ஆலயம்.

வேப்பேரி நல்ல இடம்தான், தோட்டம் துரவு, கோட்டை இரைச்சல் இல்லை. ஆனால் கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கிற இடம். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி மதராஸை முற்றுகை போட்டது. வேப்பேரி மிஷன் சூறையாடப்பட்டது. ஃபெப்ரீஷியஸ் மறுபடி பழவேற்காட்டுக்கு. அதே கரை, அதே டச்சுக் கொடி. இப்போது அவருக்கு வயசு 47. பிப்ரவரி 1759-ல் முற்றுகை விலகியதும் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. 1761-ல் ஐர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது, அங்கே இருந்து ஒரு அச்சு இயந்திரத்தையும் எடுத்து வந்தார்கள். இயந்திரம் வந்தாச்சு, ஓட்டுவது யார்? மிஷன்காரர்களுக்கு அச்சு வேலை தெரியும். அதனால் அரசாங்கத்துக்குத் தேவையானதை அச்சடித்துத் தரணும் என்ற நிபந்தனையோடு அந்த இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. எந்தப் பிரெஞ்சுக்காரர்களால் ரெண்டு தடவை வீட்டை இழந்தாரோ, அவர்களுடைய இயந்திரமே இவர் படிப்பறைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வேப்பேரி அச்சகம் பிறந்தது இப்படி.

இந்த இடத்தில் நம்ம போதகர் நேயருக்கு ஒரு வார்த்தை. அறைக்குப் பக்கத்திலேயே அச்சுக்கூடம் இருந்தால் அமைதி கிடைக்காது. மரச்சட்டம் இறங்கும், ஈய எழுத்துகள் கலகலக்கும், மை நாற்றம் வரும், பிழை திருத்தச் சொல்லி அரை மணிக்கு ஒரு தடவை யாராவது தாளோடு வந்து நிற்பார்கள். ஆனால் எழுதுகிற வேலைக்கும் ஜனங்களிடம் போய்ச் சேருகிற வேலைக்கும் நடுவே தூரம் குறைந்தது. 1772-ல் அவரது புதிய ஏற்பாடு அங்கே அச்சானது. பழைய ஏற்பாடு 1777-ல் தொடங்கிப் பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சானது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அதே ராகத்தில் பாடும்படி தமிழில் ஆக்கினார். லுத்தரன் கோயில்களில் இன்றைக்கும் அவற்றில் பல பாடப்படுகின்றன. பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு யார் எழுதியது என்று தெரியாது, அது பாட்டுக்கு நல்லதுதான்.

1779-ல் வந்தது அகராதி. கூட்டாளி பிரைட்ஹவுப்டோடு சேர்ந்து செய்த தமிழ் - ஆங்கில அகராதி. தலைப்பில் தமிழை ‘மலபார்’ மொழி என்று போட்டிருக்கும், அன்றைக்கு ஐரோப்பியர் அப்படித்தான் சொன்னார்கள். சுமார் 9,000 சொற்கள். 1862-ல் சென்னையில் அச்சான வின்ஸ்லோ அகராதியில் 67,000 சொற்களுக்கு மேல், அதோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் வின்ஸ்லோவுக்கு முன்னால் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பல பேர் பல வருஷம் சேர்த்து வைத்த கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. வேப்பேரியில் ரெண்டு பேரும், அவர்களோடு உட்கார்ந்த பெயர் தெரியாத தமிழர்களும் மட்டுமே. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குப் போகும் இரண்டாம் பகுதி 1786-ல் வந்தது. அதற்கு முன்பே, 1782-ல், பிரைட்ஹவுப்ட் இறந்துவிட்டார்.

இதுவரைக்கும் கேட்டால், கஷ்டத்திலும் விடாமல் படித்த ஒரு நல்ல மனுஷனின் கதை என்று முடித்துவிடலாம். நிறைய மிஷன் புத்தகங்கள் அங்கேயே முடித்துவிடுகின்றன. நான் முடிக்கப் போவதில்லை. அந்த அறைக்குள் இன்னொரு பொருளும் வந்தது. பணம்.

அன்றைய மதராஸில் இன்றைக்கு மாதிரி வங்கி வசதி கிடையாது. யாரிடம் நம்பிப் பணம் கொடுத்து வைப்பது? ஐயரிடம். மிஷன் பணம், அனாதைப் பிள்ளைகளுக்கான பணம், தனி ஆட்கள் கொடுத்து வைத்தது எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது. பணம் சும்மா இருக்கக் கூடாது, வட்டி வந்தால் சபை நடக்கும், பள்ளிக்கூடம் நடக்கும். மதராஸ் முழுக்க அப்போது ஒரே வியாபாரம்தான்: ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கும் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் கடன் கொடுப்பது. கவர்னர் கவுன்சில் உறுப்பினர்களே அதில் இறங்கியிருந்தார்கள். அந்தக் கடன் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய் நாறியது. எட்மண்ட் பர்க் 1785-ல் அதைப் பற்றிப் பேசிய பேச்சு பிரபலம். அந்தச் சுழலில் ஃபெப்ரீஷியஸும் சிக்கினார். தனக்காக ஒரு காசு எடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது, பஞ்சம் வந்தது, யாரிடமும் பணம் இல்லை. தன்னிடம் கொடுத்து வைத்தவர்களுக்கு அவரால் திருப்பித் தர முடியவில்லை.

முந்தின ரெண்டு தடவை மாதிரி ஓடிப்போகவும் இடம் இல்லை. 1781-ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டையும் டச்சுக்காரர்களிடம் இருந்து பிடித்துக்கொண்டார்கள். எப்படியும் இந்தத் தடவை துரத்தியது படை இல்லை, கடன் பத்திரம். சட்டம் படித்த அந்த மனுஷர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

நல்லவர், ஆனால் உலகம் தெரியாதவர் என்று அவரைப் பற்றி எழுதினவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மொழி விஷயத்தில் அவர் தனியாக எதையும் முடிவு செய்யவில்லை. சுற்றி ஆட்கள் இருந்தார்கள், இந்தச் சொல் தமிழில் இப்படி வராது ஐயரே என்று சொல்ல முடிந்தவர்கள். பிரைட்ஹவுப்ட் பக்கத்தில் இருந்தார். திருத்தித் திருத்தித்தான் ஒவ்வொரு வசனமும் போனது. அதே அறையில், அதே மேசையில் இருந்த பணக் கணக்கை மட்டும் அப்படி யாரும் உட்கார்ந்து அவரோடு வரி வரியாகப் படிக்கவில்லை. அவர் மொழிபெயர்ப்பைப் பார்த்த கண்ணில் பாதி கணக்கைப் பார்த்திருந்தால் போதும். அந்த நஷ்டத்தில் போனது அனாதைப் பிள்ளைகளின் சோறும்தான் என்பதால் அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அதனால் திருவொற்றியூர் ஐயா, உங்க கேள்விக்கு என்னால முடிஞ்ச பதில் இது. லாரிச் சத்தத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீங்க. பிள்ளைங்க சத்தத்தைப் பற்றியும்தான், சீகன்பால்கு அதைக் காசு கொடுத்து வாங்கினார். மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலி போடுங்க, நீங்க எழுதினதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாடியே கேட்டுட்டு “இது புரியலை ஐயா” என்று சொல்லக்கூடிய ஒருத்தருக்காக. ஹார்பரில் வேலை பார்க்கிறவரா இருக்கலாம், மீன் ஏலம் போடுகிற அக்காவா இருக்கலாம். வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கும்னு எழுதியிருந்தீங்க, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி புத்தகம் வச்சுக்குங்க. சபை காணிக்கை நோட்டு, சீட்டுப் பணம், யாராவது நம்பிக் கொடுத்து வைக்கிற நகை, இதெல்லாம் அந்த மேசை டிராயருக்குள்ள வர வேண்டாம். அதுக்குக் கமிட்டி இருக்கு, பேங்க் இருக்கு, ரெண்டு கையெழுத்து இருக்கு.

1788-ல் நாகப்பட்டினத்தில் இருந்து கெரிக்கே என்ற இளைய மிஷனரி வேப்பேரிக்கு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார், கணக்குகள் உட்பட. ஃபெப்ரீஷியஸ் 1791 ஜனவரி 23-ல் இறந்தார். அவர் மொழிபெயர்ப்பை அடித்தளமாக வைத்துத்தான் பிறகு வந்தவர்கள் திருத்தங்கள் செய்தார்கள். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்த மொழிபெயர்ப்பு 1871-ல் வந்த பிறகும் லுத்தரன்கள் நெடுங்காலம் ஃபெப்ரீஷியஸை விடவில்லை. அவருடைய அகராதியைப் பின்னாட்களில் தரங்கம்பாடியில் விரிவாக்கித் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள், கடைசிப் பதிப்பு 1972-ல். சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. போனிலேயே தேடலாம்.